அமெரிக்க காங்கிரஸ் குழு முன் சாட்சியம்: மதச் சுதந்திர விசாரணைக்கு முதன்முறை போகிறவர்களுக்கு

அழைப்பு பெரும்பாலும் ஒரு சின்ன மின்னஞ்சலாகத்தான் வரும். எழுதியவர் காங்கிரஸ் உறுப்பினராக இருக்கமாட்டார். குழுவில் வேலை பார்க்கும் ஓர் இளம் அலுவலராக இருப்பார். "அடுத்த வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு உங்களால் வர இயலுமா?" என்று கேட்டிருப்பார். பிரதிநிதிகள் அவையின் விதிப்படி ஒரு விசாரணையைப் பற்றி ஒரு வாரம் முன்னதாகப் பொது அறிவிப்பு தர வேண்டும். சாட்சிகளைத் தேடும் வேலையும் ஏறக்குறைய அப்போதுதான் சூடுபிடிக்கும். ஆகவே உங்கள் கையில் இருப்பது ஏழெட்டு நாள்.

வெளிநாடுகளில் மதத்தின் பெயரால் நடக்கும் ஒடுக்குமுறையையும் அதோடு ஒட்டிக்கொண்டிருக்கும் பாதுகாப்புச் சிக்கல்களையும் ஆராயும் பேராசிரியர்கள், மனித உரிமைப் பணியாளர்கள், பத்திரிகையாளர்கள், சில சமயம் தப்பி வந்த அகதிகள் ஆகியோருக்கு இந்த அழைப்பு வருகிறது. புதிதாகப் போகிறவர்களில் பலர் அந்த ஒரு வாரத்தையும் பேச்சைத் தயாரிப்பதிலேயே கரைத்துவிடுகிறார்கள். பேச்சு ஐந்தே நிமிடம். எழுதிக் கொடுக்கும் வாக்குமூலமோ உங்களுக்குப் பின்னும் இருக்கும். அதில் எவ்வளவு குறுகலாக, எவ்வளவு உறுதியாகச் சொல்கிறீர்கள் என்பதை வைத்துத்தான் உங்களை மறுபடி கூப்பிடலாமா என்று முடிவு செய்வார்கள்.

எடுத்துக்காட்டுகளுக்கு நைஜீரியாவையே பெரும்பாலும் எடுத்துக்கொள்கிறேன். வாஷிங்டனில் மதச் சுதந்திரம் பற்றிய விசாரணைகளில் இவ்வளவு சண்டை மூட்டிய நாடு அண்மைக் காலத்தில் வேறில்லை.

கூப்பிட்டது யார்?

ஒப்புக்கொள்வதற்கு முன் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். பிரதிநிதிகள் அவையின் வெளியுறவுக் குழுவும் அதன் ஆப்பிரிக்கத் துணைக்குழுவும், செனட்டின் வெளியுறவுக் குழுவும் சட்ட வரைவுகளை நகர்த்தக்கூடியவை. பிரதிநிதிகள் அவையிலேயே இருக்கும் டாம் லேன்டோஸ் மனித உரிமை ஆணையத்துக்கு அந்த அதிகாரம் இல்லை. அங்கே விசாரணை நடக்கும், பதிவாகும், உறுப்பினர்கள் கேட்பார்கள்; சட்டம் பிறக்காது. 1976இல் வந்த ஹெல்சிங்கி ஆணையத்தின் எல்லை ஐரோப்பியப் பாதுகாப்பு அமைப்பின் நாடுகள். 2000இல் வந்த சீனா பற்றிய ஆணையத்துக்குச் சீனா மட்டும். சர்வதேச மதச் சுதந்திரத்துக்கான அமெரிக்க ஆணையமும் தன் பங்குக்கு விசாரணை நடத்துகிறது. அதில் ஒன்பது ஆணையர்களுக்குச் சட்டம் இடம் வைத்திருக்கிறது. அவர்களால் பரிந்துரைக்க மட்டுமே முடியும்.

இந்தக் கடைசி வேறுபாட்டை நம் செய்தித்தாள்களே அடிக்கடி கோட்டை விடுகின்றன. மதச் சுதந்திரத்தைக் கொடுமையாக மீறும் நாடுகளுக்கென்று அமெரிக்கா வைத்திருக்கும் "தனிக் கவலைக்குரிய நாடுகள்" பட்டியலில் இந்தியாவைச் சேர்க்க வேண்டும் என்று அந்த ஆணையம் 2020 முதல் ஆண்டுதோறும் பரிந்துரைக்கிறது. "அமெரிக்கா பட்டியலில் சேர்த்தது" என்று தலைப்புப் போட்டுவிடுகிறார்கள். சேர்க்கும் அதிகாரம் வெளியுறவுத் துறையிடம் இருக்கிறது, அது சேர்க்கவில்லை. இதைச் சாட்சிக் கூண்டில் குழப்பினால் அடுத்த நான்கு நிமிடமும் யாரும் உங்களைக் கேட்கமாட்டார்கள்.

அலுவலரிடம் வெட்கப்படாமல் இன்னொன்றையும் கேளுங்கள்: "நான் பெரும்பான்மைக் கட்சியின் சாட்சியா, சிறுபான்மைக் கட்சியின் சாட்சியா?" வழக்கமாகப் பெரும்பான்மைத் தரப்பு இரண்டு மூன்று பேரை அழைக்கும், எதிர்த்தரப்பு ஒருவரை அழைக்கும். உங்களை அழைத்த தரப்புக்கு நீங்கள் கடன்பட்டவர் அல்லர். ஆனால் யார் அன்போடு கேட்பார், யார் கத்தியோடு கேட்பார் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்வதில் தவறில்லை.

சட்டத்தின் சொற்கள்

1998 அக்டோபரில் கிளின்டன் கையெழுத்திட்ட சர்வதேச மதச் சுதந்திரச் சட்டத்தையும், 2016 டிசம்பரில் அதைத் திருத்திய ஃபிராங்க் வுல்ஃப் சட்டத்தையும் ஒருமுறை முழுதாகப் படித்துவிடுங்கள். அலுப்பான வாசிப்புதான். ஆனால் உங்கள் வாதம் முழுவதும் அந்தச் சொற்களில்தான் தொங்குகிறது.

மூன்று பட்டியல்கள் உண்டு. மிக மோசமானவை "தனிக் கவலைக்குரிய நாடுகள்". அதற்கு ஒரு படி கீழே "சிறப்புக் கண்காணிப்புப் பட்டியல்". போகோ ஹராம் போன்ற ஆயுதக் குழுக்களுக்குத் தனிப் பட்டியல். பின்னவை இரண்டும் 2016 திருத்தத்தில் வந்தவை. முதல் பட்டியலில் ஒரு நாடு இடம்பெற, அங்கு நடக்கும் மீறல்கள் திட்டமிட்டவையாகவும், தொடர்ந்து நடப்பவையாகவும், கொடியவையாகவும் இருக்க வேண்டும். அரசு அவற்றைத் தானே செய்திருக்க வேண்டும், அல்லது பொறுத்துக்கொண்டிருக்க வேண்டும்.

"பொறுத்துக்கொண்டிருக்க வேண்டும்" என்ற அந்தச் சொல்லை அடிக்கோடிடுங்கள். நைஜீரியா பற்றிய சச்சரவு முழுவதும் அதற்குள்தான் அடங்கியிருக்கிறது. போகோ ஹராமை எதிர்த்து அந்த நாட்டு ராணுவம் ஆண்டுக்கணக்கில் போரிட்டு வருகிறது. அப்படியிருக்க அந்த அரசு கொலைகளைப் பொறுத்துக்கொண்டது என்று எப்படிச் சொல்வது? இந்தக் கேள்விக்கு விடை இல்லாமல் போனால் உங்கள் கண்ணீர்க் கதைகள் எல்லாம் வீண். 2020 டிசம்பரில் நைஜீரியா பட்டியலில் ஏறியது, 2021 நவம்பரில் இறங்கியது, 2025 அக்டோபர் 31 அன்று டிரம்ப் அறிவிப்போடு மறுபடி ஏறியது. அந்த நாட்டில் மாறியது கொஞ்சம். வாஷிங்டனில் அந்தச் சொல்லுக்குக் கொடுத்த பொருள் மாறியது அதிகம்.

பட்டியலில் ஏறினாலே தண்டனை வந்துவிடும் என்றும் எண்ணாதீர்கள். 2004இல் சேர்க்கப்பட்ட சவூதி அரேபியாவுக்குத் தடைகளிலிருந்து விலக்கு கிடைத்துக்கொண்டே இருக்கிறது.

எழுத்து வாக்குமூலம்

நேரத்தில் முக்கால் பங்கை இதற்கு ஒதுக்குங்கள். எட்டு முதல் பன்னிரண்டு பக்கம் போதும். நீங்கள் யார், இந்த நாட்டைப் பற்றி உங்களுக்கு எப்படித் தெரியும், என்ன கேட்கிறீர்கள் என்ற மூன்றும் முதல் பக்கத்திலேயே இருக்க வேண்டும். அலுவலர்கள் பலர் அதற்கு மேல் புரட்டமாட்டார்கள்.

ஒவ்வொரு குற்றச்சாட்டையும் சட்டத்தின் ஒரு சொல்லோடு முடிச்சுப் போடுங்கள். "நைஜீரியாவில் கிறிஸ்தவர்கள் கொல்லப்படுகிறார்கள், அரசு வேடிக்கை பார்க்கிறது" என்று எழுதினால் அது மேடைப் பேச்சு. இப்படி எழுதிப் பாருங்கள்: 2022 மே 12 அன்று சொக்கோட்டோவில் டெபோரா சாமுவேல் என்ற மாணவி இறைநிந்தனை செய்ததாகச் சொல்லி ஒரு கும்பல் அவரைக் கொன்றது. கொலையின் காணொளி நாடெங்கும் பரவியது. பிடிபட்ட இருவர் மீது கொலைக் குற்றச்சாட்டு வைக்கப்படவில்லை. அரசுத் தரப்பு வழக்கறிஞர்கள் நீதிமன்றத்துக்கு வராமல் போனதால் அவர்களும் விடுவிக்கப்பட்டார்கள். இங்கே "பொறுத்துக்கொண்டது" என்று நீங்கள் சொல்ல வேண்டியதே இல்லை. படிப்பவர் தானே சொல்லிக்கொள்வார்.

அரசு தானே செய்த மீறல்களைத் தனியாகப் பிரித்து எழுதுங்கள். வடக்கில் 12 மாநிலங்கள் 1999க்குப் பிறகு ஷரியா குற்றவியல் சட்டத்தை ஏற்றுக்கொண்டன. இறைநிந்தனைக்காகக் கானோவின் ஷரியா நீதிமன்றம் 2020இல் யஹாயா ஷரீஃப் அமினு என்ற பாடகருக்கு மரண தண்டனை விதித்தது. அவர் சூஃபி முஸ்லிம். நாத்திகரான முபாரக் பாலாவுக்கு 2022இல் 24 ஆண்டுச் சிறை விதித்தது அதே கானோவின் உயர் நீதிமன்றம். மேல்முறையீட்டில் தண்டனை குறைந்து 2025 ஜனவரியில் வெளியே வந்தார். 2015 டிசம்பரில் ஸாரியா நகரில் ராணுவம் ஷியா இயக்கத்தினர் மீது துப்பாக்கிச் சூடு நடத்தியது. 348 பேர் கொல்லப்பட்டதாகக் கடூனா மாநிலத்தின் விசாரணை ஆணையமே சொன்னது.

கவனித்திருப்பீர்கள்: இந்த மூன்றிலும் பாதிக்கப்பட்டவர் கிறிஸ்தவர் அல்லர். உங்களை அழைத்த உறுப்பினர் கிறிஸ்தவர்களைப் பற்றி மட்டும் கேட்க விரும்பலாம். நீங்கள் எல்லாரையும் எழுதுங்கள். மதச் சுதந்திரம் நம்பாதவருக்கும் உண்டு என்று 2016 திருத்தம் வெளிப்படையாகவே சொல்கிறது. தன் ஆட்களுக்காக மட்டும் அழுகிற சாட்சி எதிர்த்தரப்பின் முதல் கேள்வியிலேயே சரிந்துவிடுவார்.

பரிந்துரைகளை யாருக்கு எழுதுகிறோம் என்பதில் பலர் சறுக்குகிறார்கள். "நைஜீரியா தன் காவல்துறையைச் சீர்திருத்த வேண்டும்" என்று அமெரிக்க காங்கிரஸிடம் சொல்லி என்ன பயன்? காங்கிரஸால் செய்யக்கூடியவை: நிதி ஒதுக்குவது, நிபந்தனை போடுவது, அறிக்கை கேட்பது, ஆயுத விற்பனையைக் கேள்வி கேட்பது. கொடிய மனித உரிமை மீறலில் ஈடுபட்ட படைப்பிரிவுக்கு அமெரிக்க உதவி கூடாது என்கிறது லேஹி சட்டம். ஸாரியா பற்றி எழுதுகிறவர் அதை விட்டுவிடக் கூடாது. தனிநபர்களின் சொத்தை முடக்கவும் விசா மறுக்கவும் உலகளாவிய மாக்னிட்ஸ்கி சட்டம் இருக்கிறது. மூன்று பரிந்துரைகள் போதும். பதினைந்து எழுதினால் ஒன்றும் நடக்காது.

எண்கள்

கொல்லப்பட்டோர் எண்ணிக்கையில்தான் நல்ல நிபுணர்களும் மூக்குடைபடுகிறார்கள். ஒரு சங்கம் சொல்லும் எண்ணுக்கும் மோதல்களைப் பதிவுசெய்யும் ஆய்வு நிறுவனத்தின் எண்ணுக்கும் மடங்குக் கணக்கில் வேறுபாடு இருக்கும். இருவரும் பொய் சொல்வதாக அர்த்தமில்லை. எண்ணுகிற முறை வேறு. எந்த எண்ணை எடுத்தாலும் இவற்றைக் கேளுங்கள்: யார் எண்ணினார்கள், எந்தக் காலம், இறந்தவரின் மதத்தை எப்படி அறிந்தார்கள், மதத்துக்காகத்தான் கொல்லப்பட்டார் என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்?

கடைசிக் கேள்விதான் கடினம். 2022 ஜூன் 5 அன்று ஓவோ நகரின் கத்தோலிக்கத் தேவாலயத்தில் பெந்தெகொஸ்தே ஞாயிறு வழிபாட்டின்போது ஏறத்தாழ 40 பேர் கொல்லப்பட்டார்கள். இலக்கு எது என்பதில் அங்கே குழப்பமில்லை. கானோவின் பெரிய பள்ளிவாசலில் 2014 நவம்பரில் வெள்ளித் தொழுகையில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டதிலும் குழப்பமில்லை. ஆனால் பெனுவே மாநிலத்தில் நள்ளிரவில் ஓர் உழவர் கிராமம் எரிகிறது. எரித்தவர்கள் ஃபுலானி மேய்ச்சல்காரர்கள், முஸ்லிம்கள். எரிந்தவர்கள் டிவ் இன உழவர்கள், கிறிஸ்தவர்கள். நடுவில் புல்லும் தண்ணீரும் இருக்கின்றன. திறந்தவெளி மேய்ச்சலைத் தடைசெய்த 2017ஆம் ஆண்டின் மாநிலச் சட்டம் இருக்கிறது. பழைய பழிக்குப்பழி இருக்கிறது. வடமேற்கில் ஸம்ஃபாராவுக்குப் போனால் கொள்ளைக்காரரும் முஸ்லிம், கொள்ளை போனவரும் முஸ்லிம்.

இதற்காக மதத்தைக் கணக்கிலிருந்தே எடுத்துவிடுகிற நிபுணர்களும் உண்டு. "எல்லாம் பருவநிலை மாற்றம்" என்று முடித்துவிடுவார்கள். எனக்கு அது சோம்பேறித்தனமாகவே படுகிறது. தாக்குகிறவர் தேவாலயத்தைத் தேடி எரிக்கிறார், பாதிரியாரைத் தேடிக் கடத்துகிறார் என்றால் புல்லும் தண்ணீரும் அதை முழுதாக விளக்கா. எந்தச் சம்பவத்தில் மத நோக்கத்துக்குச் சான்று இருக்கிறது, எதில் கலந்திருக்கிறது, எதில் தெரியவில்லை என்று மூன்றாகப் பிரித்து எழுதுங்கள். உங்கள் மொத்த எண் சிறிதாகிவிடும். பரவாயில்லை.

படிவங்களும் ஒரு பழைய அவமானமும்

பிரதிநிதிகள் அவையில் அரசு சாராத சாட்சிகள் வாக்குமூலத்தோடு தன்விவரக் குறிப்பும் ஒரு வெளிப்படுத்தல் படிவமும் தர வேண்டும். விசாரணைப் பொருளோடு தொடர்புடைய அமெரிக்க அரசு மானியம், ஒப்பந்தம், வெளிநாட்டு அரசின் பணம் ஆகியவற்றைக் கடந்த 36 மாதங்களுக்குக் காட்ட வேண்டும். நீங்கள் சார்ந்த அமைப்பு வாங்கியதும் சேரும். சாட்சியத்துக்கு 24 மணி நேரம் முன்பே இவை இணையத்தில் பொதுப் பார்வைக்கு வந்துவிடும். ஆகவே குழுக்கள் இரண்டு நாள் முன்னதாகவே கேட்பார்கள். வெளிநாட்டு அரசுக்காக வேலை செய்பவராகப் பதிவு செய்திருந்தால் அதையும் மறைக்காதீர்கள்.

எரிச்சலூட்டும் வேலைதான். ஆனால் 1990 அக்டோபர் 10 அன்று நடந்ததை நினைத்துக்கொள்ளுங்கள். காங்கிரஸின் மனித உரிமைக் கூட்டமைப்பின் முன் நயிரா என்ற பெயரில் 15 வயதுப் பெண் ஒருத்தி அழுதுகொண்டே பேசினாள். குவைத் மருத்துவமனையில் ஈராக்கியப் படைவீரர்கள் குறைமாதக் குழந்தைகளை இன்குபேட்டர்களிலிருந்து எடுத்துத் தரையில் போட்டதைத் தன் கண்ணால் கண்டதாகச் சொன்னாள். வளைகுடாப் போருக்கு ஆதரவு திரட்டியவர்கள் அதைத் திரும்பத் திரும்ப எடுத்துக்காட்டினார்கள். அவள் அமெரிக்காவுக்கான குவைத் தூதரின் மகள் என்பதும், நிகழ்ச்சியின் பின்னால் ஹில் அண்ட் நோல்டன் என்ற மக்கள் தொடர்பு நிறுவனம் இருந்தது என்பதும் 1992இல்தான் வெளியே வந்தன. அவள் சொன்னதற்குச் சான்று கிடைக்கவில்லை. அந்தக் கூட்டமைப்பு முறையான குழு அல்ல. சத்தியப் பிரமாணமும் வாங்கப்படவில்லை. மேலே சொன்ன டாம் லேன்டோஸ் ஆணையம் அந்தக் கூட்டமைப்பின் வாரிசுதான்.

முறையான குழுவின் விசாரணையில் சத்தியம் செய்யச் சொன்னாலும் சொல்லாவிட்டாலும், தெரிந்தே பொய் சொன்னால் ஐந்து ஆண்டு வரை சிறை உண்டு.

ஊரில் இருப்பவர்கள்

நீங்கள் விமானம் ஏறித் திரும்பிவிடுவீர்கள். உங்களிடம் பேசியவர் அங்கேயே இருப்பார். வாக்குமூலத்தில் பெயரை எடுத்துவிட்டால் போதும் என்று எண்ணாதீர்கள். "இந்தக் கிராமத்து ஆரம்பப் பள்ளியின் தலைமை ஆசிரியர்" என்று எழுதினால் பெயர் எதற்கு? ஊர், தொழில், தேதி மூன்றில் இரண்டையாவது மங்கலாக்குங்கள். பேசியவரிடம் மறுபடி தொடர்புகொண்டு, இது அமெரிக்க காங்கிரஸின் பதிவில் நிரந்தரமாக இருக்கும் என்று அவர் மொழியில் சொல்லி ஒப்புதல் வாங்குங்கள். சிலர் மறுப்பார்கள். அந்தப் பத்தியை நீக்கிவிடுங்கள்.

மொழிபெயர்ப்பில் இன்னும் கவனம் வேண்டும். இலங்கை பற்றிச் சாட்சியம் தரப்போகிற தமிழர்களுக்கு இது தெரிந்த வலிதான். 2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு வந்த கெடுபிடிக் காலத்தில், மன்னாரைச் சேர்ந்த தமிழ்க் கவிஞர் அஹ்னாஃப் ஜஸீம் 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைதானார். அவருடைய கவிதைகள் தீவிரவாதத்தைப் பரப்புகின்றன என்பது குற்றச்சாட்டு. தமிழ் தெரிந்தவர் படித்தால் தீவிரவாதத்தைச் சாடும் கவிதைகளை அதே தொகுப்பில் காண்பார். ஒன்றரை ஆண்டு சிறையில் இருந்தார். 2023 டிசம்பரில்தான் நீதிமன்றம் அவரை விடுவித்தது. நேர்காணலையோ கவிதையையோ மேற்கோளாகக் கொடுத்தால் மூலத்தையும் பின்னிணைப்பாகச் சேருங்கள். இருவரிடம் தனித்தனியாக மொழிபெயர்ப்பைச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

அறைக்குள்

வெளியுறவுக் குழு வழக்கமாக ரேபர்ன் கட்டடத்தில் கூடும். பாதுகாப்புச் சோதனை வரிசை நீளும். முக்கால் மணி நேரம் முன்னதாகப் போய்விடுங்கள். மேசையில் ஒலிவாங்கிக்கு ஒரு பொத்தான் இருக்கும். அழுத்தாமல் பேசத் தொடங்குவது புதியவர்களின் தேசிய விளையாட்டு.

எதிரே சின்ன விளக்கு. பச்சை எரியும்போது பேசலாம், மஞ்சள் வந்தால் ஒரு நிமிடம் மிச்சம், சிவப்பு வந்தால் முடிக்க வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு ஆங்கிலத்தில் 600 சொற்களுக்கு மேல் எழுதாதீர்கள். ஆங்கிலம் உங்கள் இரண்டாம் மொழி என்றால் 500. வாக்குமூலத்தைச் சுருக்கிப் படிக்காதீர்கள். ஒரு சம்பவம், அது சட்டத்தின் எந்தச் சொல்லுக்குச் சான்று, முதன்மையான ஒரு பரிந்துரை — அவ்வளவுதான். "முழு வாக்குமூலத்தையும் பதிவில் சேர்க்கக் கோருகிறேன்" என்று தொடக்கத்தில் சொல்லிவிட்டால் மீதி தானே சேர்ந்துவிடும்.

நடுவில் மணி அடித்தால் பதறாதீர்கள். வாக்கெடுப்புக்காக உறுப்பினர்கள் எழுந்து ஓடுவார்கள். ஒரு மணி நேரம் கழித்துப் பாதிப் பேர் திரும்புவார்கள். சமையலறையில் சொல்வதுபோலச் சொன்னால், கொதிக்கிற உலையை இறக்கி மறுபடி ஏற்றுவது. ஒரு பிஸ்கட் பொட்டலம் கையில் இருக்கட்டும்.

கேள்விகள்

உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் ஐந்து நிமிடம். நான்கரை நிமிடம் அவரே பேசிவிட்டு, "ஆமா, இல்லையா?" என்று உங்களிடம் திரும்புவார். மிக அதிகம் வரும் கேள்வி: "இது இனப்படுகொலையா?"

தயாரில்லாமல் போகாதீர்கள். 1948 உடன்படிக்கையில் அந்தச் சொல்லுக்குத் திட்டவட்டமான பொருள் உண்டு: ஒரு தேசிய, இன, மதக் குழுவை முழுதாகவோ பகுதியாகவோ அழிக்கும் உள்நோக்கம் நிறுவப்பட வேண்டும். ஐஎஸ் அமைப்பு ஈராக்கின் மதச் சிறுபான்மையினரான யஸீதிகளுக்குச் செய்ததை அப்படி அழைக்கும் தீர்மானத்தைப் பிரதிநிதிகள் அவை 2016 மார்ச்சில் 393க்கு 0 என்று நிறைவேற்றியது. சில நாட்களில் வெளியுறவு அமைச்சர் கெர்ரியும் அதையே சொன்னார். அங்கே அடிமைச் சந்தைகளும் அந்த அமைப்பே வெளியிட்ட எழுத்துகளும் உள்நோக்கத்தைக் காட்டின. நீங்கள் பேசும் நாட்டில் அப்படிப்பட்ட சான்று இருந்தால் ஆம் என்று சொல்லுங்கள். இல்லையென்றால், "உள்நோக்கத்துக்கு என்னிடம் போதிய சான்று இல்லை, ஆனால் இந்தச் சட்டத்தின் அளவுகோலுக்கு இனப்படுகொலை என்று நிறுவ வேண்டியதில்லை, கொடிய மீறல் போதும்" என்று சொல்லுங்கள். உறுப்பினர் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும். 2025இல் நைஜீரியாவைப் பட்டியலில் சேர்ப்பதாக அறிவித்த மறுநாளே, ராணுவ நடவடிக்கைக்கு ஆயத்தமாகும்படி பாதுகாப்புத் துறைக்குச் சொன்னதாக டிரம்ப் அறிவித்தார். அந்த அறையில் உதிர்க்கும் பெயரடைகள் எங்கே போய் விழும் என்று யாராலும் சொல்ல முடியாது.

தெரியாத கேள்வி வந்தால் "எழுத்தில் தருகிறேன்" என்று சொல்வது முழுக்க முழுக்க ஏற்கப்பட்ட விடை. தலைப்புக்குத் தொடர்பில்லாத உள்நாட்டு அரசியலுக்கு இழுத்தால், "அது என் துறை அல்ல" என்ற ஒரே வரியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பக்கத்தில் இருக்கும் சாட்சி தவறாகச் சொன்னால் குறுக்கிடாதீர்கள். உங்கள் முறை வரும்போது ஆண்டும் ஊரும் சொல்லித் திருத்துங்கள்.

முடிந்த பிறகு

அன்று மாலையே அலுவலருக்கு நன்றி சொல்லி எழுதுங்கள். தருவதாகச் சொன்ன விவரங்களை எப்போது அனுப்புவீர்கள் என்றும் குறிப்பிடுங்கள். சில நாட்களில் உறுப்பினர்களின் எழுத்துக் கேள்விகள் வரும். உங்கள் விடைகளும் அச்சாகும் பதிவில் சேரும் என்பதால் வாக்குமூலத்துக்குக் காட்டிய அதே கவனத்தைக் காட்டுங்கள். பேச்சின் எழுத்துப்படியைத் திருத்த அனுப்புவார்கள். சொற்பிழை, ஊர்ப்பெயர் ஆகியவற்றைத் திருத்தலாம். சொன்ன கருத்தை மாற்ற முடியாது. ஓவோ, யெல்வாட்டா, டாப்சி போன்ற நைஜீரிய ஊர்ப்பெயர்களைச் சுருக்கெழுத்தாளர் எப்படியெல்லாம் எழுதியிருப்பார் என்று பார்த்தால் சிரிப்பு வரும், ஒவ்வொன்றையும் சரிசெய்யுங்கள்.

நீங்கள் கொடுத்த எண்ணிலோ தேதியிலோ தவறு இருப்பது பிறகு தெரிந்தால், யாராவது கண்டுபிடிக்கும்வரை காத்திருக்காதீர்கள். எந்தப் பக்கம், எந்த வரி, பழைய எண் எது, சரியான எண் எது, எங்கிருந்து கிடைத்தது என்று நான்கு வரியில் ஒரு கடிதம் எழுதி, குழுவின் இரு கட்சி அலுவலர்களுக்கும் ஒரே நாளில் அனுப்புங்கள். அதையும் பதிவில் சேர்க்கும்படி கேளுங்கள்.